அட்டைப்பெட்டிக் கட்டில்

"எட்டி உதைச்சிருக்காங்க சார், பாருங்க!"

வீட்டுக்காரம்மா படுக்கை விரிப்பைச் சரேலென்று உருவினார். துப்பறிய வந்த மீசை குனிந்து பார்த்தார். விரிப்புக்குக் கீழே காற்றடைத்த மெத்தை. மெத்தைக்குக் கீழே மரச்சட்டமும் இல்லை, இரும்புக் காலும் இல்லை. அட்டைப்பெட்டிகள்! வரிசையாக அடுக்கி, டேப் போட்டு ஒட்டி, வெளியே தெரியாதபடி பூப்போட்ட துணியைத் தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்துப் பெட்டி ஒன்று மட்டும் சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

"இது கட்டிலா, இல்ல யாராவது வீடு மாத்தறாங்களா?" என்றாள் அவர்கூட வந்த பட்டாசு.

"கட்டில் மாதிரி," என்றாள் கதவருகே நின்ற அலங்காரக்காரி, கொஞ்சம் ரோஷத்துடன். "வீடு பார்க்க வர்றவங்க படுத்தா பார்க்கப் போறாங்க? கண்ணுக்கு நிறைவா இருந்தா போதும்."

விற்கப்போகிற வீட்டைச் சிங்காரிப்பதுதான் அவள் தொழில். இந்த வீட்டையும் அவள்தான் ஆளே அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தாள். ஹால் இரண்டு மடங்காகத் தெரிய ஜன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடி. டிவி இருக்கவேண்டிய இடத்தில் டிவியைப் போலவே ஒரு வெற்று ஓடு. கூடையில் மெழுகு ஆப்பிள். குடும்பப் படங்கள் அத்தனையும் சுவரிலிருந்து இறங்கிவிட்டன; ஆணி அடித்த ஓட்டைகளைக்கூடப் பூசி மறைத்தாகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் தங்களை அங்கே வைத்துக் கற்பனை செய்து பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் இருந்தவர்களைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டுமாம். வீட்டுக்காரம்மாவையும் விட்டுவைக்கவில்லை. "விக்கிற வரைக்கும் நீங்க இங்க தங்கக்கூடாது மேடம்" என்று பெட்டியோடு அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

துப்பறிகிற மீசைக்கு மீசை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மனைவி இறந்துபோன வருஷம் ஒரு காலையில் மழித்துவிட்டார், பட்டப்பெயர் மட்டும் மழிக்க வராமல் ஒட்டிக்கொண்டது. பட்டாசு அவருடைய உதவியாளர். பெயருக்கு ஏற்ற வாய். நாள் முழுக்க அவரோடு பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான் என்பதால், அந்த வாயை அவர் அடக்குவதில்லை.

வழக்கு சின்னதுதான், ஆனால் பிடி கொடுக்க மாட்டேன் என்றது. வீட்டைப் பார்க்க மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். மூன்று தடவையும் ஏதோ ஒரு கோளாறு. முதல் தடவை சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பின்பக்கத்து வால்வை யாரோ இறுக்கி மூடியிருந்தார்கள். இரண்டாம் தடவை படுக்கையறைப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அப்படியொரு எண்ணெய் நாற்றம். நேற்று, வந்தவர்களின் கண்ணெதிரே இந்தக் கட்டில் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பூட்டு உடையவில்லை. பொருள் எதுவும் போகவில்லை. வாங்க வந்தவர்கள்தான் போனார்கள்.

இன்று மாலை அடுத்த ஆட்கள் வருகிறார்கள். இதுவும் கைநழுவினால் வீட்டுக்காரம்மாவின் பாடு திண்டாட்டம். மருந்தாளரான அவருக்கு வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேரவேண்டும், வீடு விற்றால்தான் அங்கே போய்க் காலூன்ற முடியும்.

"அவர்தான் சார். என் கணவர். பிரிஞ்சு ஒரு வருஷமாச்சு," என்றார் அவர். "விக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டார். இப்ப மனசு கேக்கல. விக்க விடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணா பண்றார். அவர்தான்னு மட்டும் எனக்கு நிரூபிச்சுக் குடுங்க."

"நிரூபிச்சா? போலீசுக்குப் போவீங்களா?"

வீட்டுக்காரம்மா கட்டிலையே பார்த்தார். "அவர்தானே சார்?" என்று மறுபடியும் கேட்டார். கண்கள் பளபளத்தன. கோபம் என்று மீசை நினைத்துக்கொண்டார்.

மீசை ஹாலுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் நாலு பேருக்குத் தட்டு வைத்து, கோப்பை வைத்து, துணி மடித்து வைத்திருந்தது. இப்போதே யாரோ கைகழுவிவிட்டு வந்து உட்காரப்போகிற மாதிரி. மீசை ஒரு கோப்பையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தாள் மகராசி. அவர் வீட்டில் மேஜை என்று ஒன்று இருக்கிறது, அதன்மேல் துவைத்த துணி குவிந்திருக்கிறது. சாப்பாடு எப்போதும் அடுப்படியில் நின்றபடியேதான். எதிரே ஒரு முகம் இருக்க, உட்கார்ந்து சாப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது.

"சார், அது பொம்மைச் சாப்பாடு. பசிச்சா வெளிய போலாம்," என்றாள் பட்டாசு.

"வாயை மூடு. கை கழுவணும்."

சமையலறைத் தொட்டியில் கை கழுவிவிட்டு அவர் குழாயை மூடினார். மூடியவர் அங்கேயே நின்றுவிட்டார். பட்டாசு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், தண்ணிக்குள்ள திருடன் தெரியறானா?"

"குழாய்க்கு நேர் கீழே பாரு. பழுப்பா ஒரு கோடு."

"கறை. வருஷக்கணக்கா சொட்டியிருக்கும்."

"சொட்டுதா?"

பட்டாசு விரலை நீட்டிக் காத்திருந்தாள். விரல் காய்ந்தே இருந்தது. "இல்லையே!"

"கறை இருக்கு, சொட்டு இல்ல," என்றார் மீசை. வெளியே பார்த்து அலங்காரக்காரியிடம் கேட்டார்: "இந்தக் குழாயை நீங்க சரி பண்ணீங்களா?"

"நானா? ரிப்பேர் என் வேலை இல்ல சார். மேடம்தான் ஆள் விட்டுப் பண்ணியிருப்பாங்க."

"நான் யாரையும் விடலையே," என்றார் வீட்டுக்காரம்மா. "அலங்காரத்தோட சேர்த்து அவங்களே பார்த்துப்பாங்கன்னு விட்டுட்டேன்."

ஒருவர் செய்திருப்பார் என்று இன்னொருவர். யாரும் செய்யவில்லை, குழாய் மட்டும் சரியாகியிருக்கிறது! மீசைக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போனார். கதவைத் தள்ளினார். தரையில் கதவு உரசி உரசி விழுந்த அரைவட்டக் கீறல் பளிச்சென்று தெரிந்தது. கதவோ உரசவில்லை, முனகவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திறந்தது. கீல்களின் ஸ்க்ரூக்களை யாரோ இறுக்கியிருந்தார்கள்; தொட்டு முகர்ந்தார். எண்ணெய்.

"நாத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுதா?"

"திருடன் வந்து கதவுக்கு எண்ணெய் போட்டுட்டுப் போறானா?" பட்டாசு வாயைப் பிளந்தாள். "அட்ரஸ் வாங்குங்க சார், எங்க வீட்டுக் கதவும் கத்துது."

ஜன்னல் விளிம்பில் மடித்த காகிதத் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செருகி வைத்தது. இப்போது அதற்கு வேலை இல்லை. புதுக் கொக்கி ஒன்று கச்சிதமாக மாட்டியிருந்தது. மீசை கடைசியாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"உதைச்சிருந்தா பெட்டி பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கும். இது மேலருந்து அமுங்கியிருக்கு. ஆள் உக்காந்திருக்கார். இது பொய்க் கட்டில்னு தெரியாம உக்காந்திருக்கார். அப்ப அலங்காரம் பண்ணினவங்களும் இல்ல, அதைப் பக்கத்துல நின்னு பார்த்த மேடமும் இல்ல." அவர் நிமிர்ந்தார். "கதவுப் பக்கம் உக்காராம, சுத்திப்போய் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கார். மேடம், இந்த இடத்துல நிஜக் கட்டில் இருந்தப்ப, ஜன்னல் பக்கம் யாரோடது?"

வீட்டுக்காரம்மாவின் கை விரிப்பை இறுக்கிப் பிடித்தது. "அவரோடது," என்றார். "அவர் என்ன வேலை பார்க்கறார்னு சொல்லலையே? லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் தூக்கி நிறுத்துவார். வீட்ல ஒரு ஸ்க்ரூ கழண்டா, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது."

"சாவி?"

"குடுத்துட்டார். ஆனா பின்கதவுக்குச் சாவியே வேண்டாம். கைப்பிடியை மேல தூக்கித் தள்ளினா திறந்துக்கும். வீட்ல இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

மீசை போய்ப் பார்த்தார். வெளியே நின்று தூக்கித் தள்ளினார். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"எல்லாத்தையும் சரி பண்ணவர், திருட்டுக் கதவை மட்டும் ஏன் சார் விட்டுட்டார்?" என்றாள் பட்டாசு.

"சரி பண்ணிட்டா அப்புறம் எப்படி உள்ள வர்றது?" என்றார் மீசை. அவருக்கு உற்சாகம் பொங்கியது. வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம், ஆளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்து சொல்லலாம் என்று கிளம்பிவிட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. பட்டாசு அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டு, எங்கள் ஆபீஸ் லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் எங்கே இருக்கிறார் என்று ஒரு புளுகு புளுகினாள். அவர்களுடைய ஆபீஸ் இருப்பதே தரைத்தளத்தில்.

உயரமான ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில், 'பழுது' என்று அட்டை தொங்கிய லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில், கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு மனிதர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் டப்பா. பார்வை எதிர்ச் சுவரில். போகிறவர் வருகிறவர் எல்லோரும் படியைத் தேடிப் போனார்களே தவிர, அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படித்தான் நானும் இருப்பேன் போல என்று மீசைக்குத் தோன்றியது.

"உங்க வீட்டுக் குழாய் சொட்டறது நின்னுபோச்சு," என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

மெக்கானிக் நிமிர்ந்தார். மறைக்கவே முயலவில்லை. "அவ அனுப்பினாளா? குழாயைக் கவனிச்சாளா?"

"இல்ல. வால்வு மூடியிருந்ததைக் கவனிச்சாங்க. வீடு பார்க்க வந்தவங்களும் கவனிச்சாங்க."

"ஐயையோ!" மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "திறக்க மறந்துட்டேனா? வேலை பண்ணினா அந்தப் பழக்கம் ஒண்ணு எனக்கு. அவகூடத் திட்டுவா, வேலையை முடிச்சுட்டு வாலை விட்டுட்டு வருவீங்கன்னு."

"எண்ணெய் நாத்தத்துல ஒரு குடும்பமே ஓடிப்போச்சு," என்றாள் பட்டாசு.

"லிஃப்டுக்குப் போடற எண்ணெய்மா. நாறும், ஆனா வருஷக்கணக்கா நிக்கும்."

"கட்டில்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஜன்னல் கொக்கியை மாட்டி முடிச்சேன். அசதியா இருந்துச்சு. உக்காந்தேன். உக்காந்தா, நேரா கீழ போறேன்! லிஃப்ட் அறுந்தாக்கூட இப்படிப் போகாது. நம்ம வீட்டுக் கட்டில் அட்டையில இருக்கும்னு எவன் கண்டான்?"

பட்டாசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். மீசைகூடச் சிரித்துவிட்டார்.

"இவ்வளவு பண்றவர், பேசாம திரும்பிப் போயிடலாமே சார்?" பட்டாசுதான் போட்டு உடைத்தாள். "அவங்க என்ன அடிச்சா விரட்டப் போறாங்க?"

மெக்கானிக் டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"அது முடிஞ்சுபோச்சும்மா. சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தாகூடத் திரும்பிப் போகலாம். நாங்க பேச்சில்லாம பிரிஞ்சோம். ஒரே மேஜையில உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம சாப்பிடறது எப்படின்னு கத்துக்கிட்டோம். திரும்ப அங்க போய் உக்கார எனக்குத் தெம்பு இல்ல. அவளாவது புது ஊருக்குப் போய் நல்லா இருக்கட்டும். வீடு நல்லபடியா வித்துட்டா அவளும் நிம்மதியா போவா, எனக்கும் இந்தப் பாரம் விட்டுப்போகும். அதான் அவ கேட்டதையெல்லாம் முடிச்சுட்டு இருக்கேன். அவகிட்ட சொல்லிக்க வேண்டாம்."

"சொல்லாம முடியாது. நீங்க வீட்டைக் கெடுக்கறதா நினைச்சுட்டு இருக்காங்க."

"கெடுக்கறேன்னா?" அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அப்ப சொல்லிடுங்க சார். அந்தப் பழி வேண்டாம்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. அதுக்கப்புறம் நீங்க அந்தப் பக்கம் போகாம இருந்தா நல்லது."

"அஞ்சு மணிக்கா?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சார். அதுக்கப்புறம் போக மாட்டேன்."

திரும்பும் வழியில் மீசை பட்டாசுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது காபியும் வாங்கிக் கொடுத்தார். அவசரம் எதுவும் இல்லை, கையில் இருப்பது நல்ல செய்தி என்று ஒரு தெம்பு. பிரிந்துபோன மனிதன் திருட்டுத்தனமாக வந்து மனைவி கேட்டதையெல்லாம் செய்து வைக்கிறான்! எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் இளகாது? இருவரையும் சேர்த்துவைக்கிற யோகம்கூடத் தனக்கு இருக்கிறதோ என்று அவருக்கு ஓர் ஆசை. அப்படி ஏதாவது நடந்தால் இன்று இரவு தன் வீட்டுக் கதவைத் திறப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று தோன்றியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அலங்காரக்காரி புது அட்டைப்பெட்டி வைத்துக் கட்டிலை நிமிர்த்தியிருந்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய வீட்டுக்காரம்மா சமையலறையில் காத்திருந்தார். மீசை ஒன்றுவிடாமல் சொன்னார். வால்வை ஏன் மூடினார், நாற்றம் எங்கிருந்து வந்தது, கட்டில் எப்படி அமுங்கியது, மூன்று கோளாறுக்குப் பக்கத்திலும் ஒரு ரிப்பேர் எப்படி இருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்காரம்மா குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். போய்க் கதவை ஆட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அப்ப அவர் கெடுக்க வரலையா?"

"இல்லவே இல்ல மேடம்!"

"வீடு வித்துடணும்னுதான் வந்தாரா?"

"ஆமா, நல்லபடியா விக்கணும்னு..." மீசையின் குரல் பாதியில் இறங்கியது. எதிரே நின்றவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. காலையில் தான் பார்த்தது கோபமே இல்லை என்று அப்போதுதான் அந்தப் பெரிய துப்பறிவாளருக்கு உறைத்தது.

வீட்டுக்காரம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குத் தண்ணி வராம போனதும் வந்தவங்க முன்னாடி எனக்கு அவமானமா இருந்துச்சு சார். ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல சந்தோஷம். மனுஷனுக்கு விட மனசில்ல, மல்லுக்கு நிக்கறார்னு. அக்கா வீட்ல எல்லாரும் இருப்பாங்க, எனக்குன்னு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அங்க படுத்துக்கிட்டு அதைத்தான் நினைச்சுப்பேன். அடுத்த தடவை என்ன பண்ணுவார்னு காத்துக்கிட்டுகூட இருந்தேன். அவர்தான்னு நீங்க சொல்லிட்டா, நானே போய் 'வீடு விக்க வேண்டாம், வாங்க'ன்னு கூப்பிடலாம்னு இருந்தேன்."

"அவருக்கு உங்க மேல அக்கறை இருக்குங்க," என்றார் மீசை, தடுமாறி. "இல்லாமலா இவ்வளவு..."

"இருக்கு சார். அதை நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. ஒரு குறையும் வைக்காம வழியனுப்பி வைக்கிறார்."

மீசைக்குப் பொறுக்கவில்லை. மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பதுபோல ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"பின்கதவு! மேடம், எல்லாத்தையும் சரி பண்ணவர் பின்கதவைத் தொடல. தனக்குன்னு ஒரு வழியை விட்டு வச்சிருக்கார். காலையில நானே பார்த்தேன். வாங்க, காட்டறேன்!"

மூவரும் பின்பக்கம் போனார்கள். வீட்டுக்காரம்மாவே வெளியே போய் நின்று கதவைச் சாத்தினார். கைப்பிடியை மேலே தூக்கித் தள்ளும் சத்தம் உள்ளே கேட்டது. மறுபடி தூக்கினார், மறுபடி தள்ளினார். கதவு அசையவில்லை.

மீசை உள்பக்கத்திலிருந்து கதவைத் திறந்தார். பூட்டுத் தகட்டில் புத்தம்புதிய ஸ்க்ரூக்கள் பளபளத்தன. வாசற்படியில் மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை; இந்தத் தடவை அந்த மனிதர் எதையும் மறக்கவில்லை, துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். முன்னறையில் இருந்த அலங்காரக்காரிக்கு ஆள் வந்ததே தெரியாது. அஞ்சு மணி என்று தன் வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டு காபி குடித்துக்கொண்டிருந்த தன்னை மீசை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா கைப்பிடியை விடவில்லை. அழவும் இல்லை. வாசலில் மணி அடித்தது.

"ஆளுங்க வந்துட்டாங்க மேடம்," என்று அலங்காரக்காரி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "நீங்க இருக்கக்கூடாது, பின்பக்கமா போயிடுங்க."

"நானே காட்டறேன்," என்றார் வீட்டுக்காரம்மா.

புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு அவரே போய்க் கதவைத் திறந்தார். வந்தவர்கள் இளம் தம்பதி. கணவன் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தான். மனைவி ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், படுக்கையறைக் கதவைச் சும்மா ஒருதரம் ஆட்டினாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாங்குவதென்று முடிவாகிவிட்டது என்பது மீசைக்கே தெரிந்தது.

"எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க," என்றாள் அந்தப் பெண். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டேவிட்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. இவ்வளவு நல்லா இருக்கற வீட்டை ஏன் விக்கறீங்க?"

"நாங்க இருந்தப்ப இப்படி இல்லம்மா," என்றார் வீட்டுக்காரம்மா. "இப்பதான் எல்லாம் சரியாச்சு."